ஒன்பதாம் நம்பர் படம்

10 நவம்பர் 2024, ஞாயிறு

இட்லி ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால் எங்கள் போட்டோ குழுவின் சிட்டிபாபுவிடமிருந்து வாட்ஸாப்பில் நான்கு படங்கள். இந்த வாரம் பார்வை, அதாவது வந்த படங்களுக்குத் திருத்தம் சொல்வது, என் முறை. ஆறு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. குறை சொல்லப்போவது நான் என்று எடுத்தவர்களுக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் சிட்டிபாபு ஒருவர்தான். சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிரேம் கடை வைத்திருக்கிற மனிதரிடம் முப்பத்திரண்டு பேருடைய ரகசியம்.

இந்த ஏற்பாடே ஒரு சண்டையில் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன் மகளின் காதுகுத்துப் படத்தைக் குழுவில் போட்டார். இன்னொருவர், "குழந்தை தெரியவில்லை, மாமாவின் தொப்பைதான் தெரிகிறது" என்று எழுதினார். அந்த மாமாவும் குழுவில் இருந்தார். அப்புறம் ஒரு மாதம் யாரும் யாரோடும் பேசவில்லை. அதிலிருந்துதான் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்.

ரூல் இதுதான்: முதலில் நல்லது ஒன்று சொல்ல வேண்டும். பிறகு குறை ஒன்று. பிறகு அதை எப்படிச் சரிசெய்வது. எல்லாம் சிட்டிபாபு வழியாக. எடுத்தவர் திருத்தி அடுத்த ஞாயிறு அனுப்புவார். திருத்திய படம் மட்டும்தான் குழுவுக்கு வரும். முதல் படத்தை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

குறையெல்லாம் எனக்குத் தானாகக் கண்ணில் படும். நல்லது ஒன்று சொல்லத்தான் நாக்கு வளையாது. பதினெட்டு வருஷமாக மாம்பழக் கூழ் ஃபாக்டரி லேபில் இருக்கிறேன். வெள்ளைத் தட்டில் கூழைப் பரப்பிக் கறுப்புப் புள்ளி எண்ணுகிறவள் மஞ்சளை எங்கே பார்ப்பாள்? "சாமி கும்புடப் போனாலும் கோபுரத்துல எந்த பொம்மைக்கு மூக்கு ஒடைஞ்சிருக்குதுன்னுதானே பாப்பே நீ" என்பார் ரமணா. என் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர். வாயில் டிக்கெட் கிழிப்பது அவருக்குப் பழக்கம்.

இட்லி கொஞ்சம் கெட்டி. அதையும் நானே சொல்லிவிட்டேன், அவர் சொல்வதற்கு முன்னால்.

13 நவம்பர், புதன்

நான்கும் முடித்து அனுப்பினேன்.

ஆறு – கோயில் தேர், சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தச் சொன்னேன். ஏழு – சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் குறை. பன்னிரண்டு – காணிப்பாக்கம் கோயில் கூட்டம், எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒன்பது மட்டும் நல்ல கண். விடிகாலை. வயலில் போர்வெல் குழாயின் வாயில் ஒரு மீன்கொத்தி. கீழே தண்ணீர் கொட்டுகிறது, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக வெயிலில் நிற்கிறது. போனில் எடுத்த படம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வலது ஓரத்தில் ஒரு பெண். தலையில் புல்லுக்கட்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. பாதி உடம்பு ஃபிரேமுக்கு வெளியே. பார்க்கிற கண் பறவையை விட்டுவிட்டு அங்கே ஓடிவிடுகிறது.

விரலாலேயே படத்தின் மேல் சிவப்பில் கோடு போட்டேன். அந்தப் பெண்ணுக்கு இடப்பக்கமாக மேலிருந்து கீழே ஒன்று, எங்கே வெட்ட வேண்டும் என்று. அவர் மேல் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் எழுதினேன்: "பறவைதான் படம். இந்தம்மா வேண்டாம். வெட்டவும்." நல்லது என்ற இடத்தில் "வெளிச்சம் நன்று" என்று ரெண்டே வார்த்தை.

கோடு போட்ட படத்தைத் 'திருத்தம்' ஃபோல்டரில் சேர்த்தேன். இதோடு நூற்று நாற்பத்தொன்று. அதை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். ஆமாம், கொஞ்சம் திமிர்தான். வந்த படத்தை வழக்கம்போல அழித்துவிட்டேன். குறையோடு இருக்கிற படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

17 நவம்பர், ஞாயிறு

ஒன்பதாம் நம்பர் வெட்டித் திருத்தி வந்துவிட்டது. குழுவில் ஒரே கைதட்டல். பறவையும் தண்ணீரும் மட்டும். நான் மனசில் பார்த்தது அச்சாக அப்படியே. எடுத்தவர் பெயரையும் சிட்டிபாபு சொன்னார்: முனிகிருஷ்ணன், நாகலாபுரம் பக்கம் ஒரு ஊர், விவசாயம். போன வருஷம் குழுவாகத் தலக்கோனம் அருவிக்குப் போனபோது கடைசியில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் வந்தாரே, அவர்.

"சூப்பர் உந்தி மேடம், எவரோ நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று தன் பாதித் தெலுங்கில் எனக்குத் தனியாக மெசேஜ் சிட்டிபாபுவிடமிருந்து. எவரோவாம்.

நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தது.

1 டிசம்பர், ஞாயிறு

கொய்யாக் கூழ் மூன்று சாம்பிள் ஃபெயில். ரமணாவுக்கு இருமல். வேறொன்றுமில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

திருப்பதியில் எங்கள் குழுவின் கண்காட்சி. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். வாழையிலை வாசனை போகவே இல்லை. நாற்பது படம் மாட்டினோம். வாசலுக்கு நேர் எதிரே முனிகிருஷ்ணனின் மீன்கொத்தி. உள்ளே நுழைகிற எல்லோரும் முதலில் அங்கேதான் நிற்கிறார்கள்.

மதியம் அவர் மனைவியோடும் சின்ன மகளோடும் வந்தார். பெண்ணுக்குப் பதின்மூன்று வயசு இருக்கும், யாமினி. அம்மா முந்தானைக்குப் பின்னாலேயே இருந்தாள். மனைவி பெயர் சந்திரம்மா. நான் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. புல்லுக்கட்டு இல்லை, பட்டுப்புடவை. ஆனால் அதே முகம்.

அந்தம்மா படத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். வலது ஓரத்தில் விரல் வைத்தார்.

"இன்னாய்யா, நான் இங்க நின்னுக்கினு இருந்தேனே? எங்க போட்டே என்னிய?"

முனிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். "பெரியவங்க பாத்துட்டு வெட்டச் சொன்னாங்கடி. அப்பதான் நல்லாருக்கும்னு."

"நல்லதாப் பூட்சு. புல்லுக்கட்டும் பரட்டைத் தலையுமா நின்னா சனம் சிரிக்கும்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேல் வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. கை வைத்து மூடுவது அதற்காகத்தான் போல. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நல்லாக்கீதுங்களாம்மா எங்க வூட்டுக்காரரு போட்டோ?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

அந்தம்மாவுக்கு அவ்வளவு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் "இவருதான் எடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

23 டிசம்பர், திங்கள்

நேற்று சொல்லியிருக்கலாம். நான்தான் வெட்டச் சொன்னேன் அம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். ரூல் இருக்கிறதே என்று மனசுக்குள் சமாதானம். ரூலா காரணம்?

போகட்டும். படம் படம்தான். வெட்டியதால்தானே வாசலுக்கு நேரே மாட்டினார்கள்.

20 பிப்ரவரி 2025, வியாழன்

லேபில் இருந்தபோது குழுவில் சிட்டிபாபு போட்டார். முனிகிருஷ்ணன் மனைவி சந்திரம்மா நேற்று காலமானார். காய்ச்சல் என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூன்றாம் நாள். நாற்பத்திரண்டு வயசு.

கையெடுத்துக் கும்பிடுகிற படமாக முப்பது வந்தது அதன் கீழே. நானும் ஒன்று போட்டேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சிட்டிபாபு போன் செய்தார். அவர் போன் செய்யவே மாட்டார், மெசேஜ்தான்.

"மேடம், அந்த ஒன்பதாம் நம்பர் உங்களுக்குத்தானே அனுப்பினேன். அந்த ஒரிஜினல் உங்ககிட்ட உந்தா?"

காரியத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டுமாம். அந்தம்மாவுக்கு நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லையாம். போனைத் தூக்கினாலே ஓடிவிடுகிறவராம். தன் கல்யாணத்தில் எடுத்தது ஒன்று, மூத்த மகள் கல்யாணத்தில் எடுத்தது ஒன்று, ரெண்டிலும் தலை குனிந்திருக்கிறார். ஆதார் கார்டில் இருப்பது ஒன்று. தெரியாமல் வந்து ஃபிரேமுக்குள் நின்று சிரித்தது அந்த ஒரே ஒரு காலை.

முனிகிருஷ்ணன் வெட்டியபோது புதுப் படமாகச் சேமிக்காமல் பழையதன் மேலேயே சேமித்துவிட்டார். போனில் இடமில்லை என்று மற்றதெல்லாம் எப்போதோ அழித்தாயிற்று. சிட்டிபாபுவின் வாட்ஸாப்பில் எல்லாம் தொண்ணூறு நாளில் தானே மறைந்துவிடும், அவர் அப்படி வைத்திருக்கிறார். நவம்பர் பத்தில் வந்தது பிப்ரவரி எட்டோடு போய்விட்டது. நான் கோடு போட்டு அனுப்பியதும் அப்படியே. ரெண்டு வாரம் பிந்திவிட்டது.

"ஒரிஜினல் இல்லை சிட்டிபாபு. அழிச்சுட்டேன்" என்றேன்.

பொய் இல்லை. ஒரிஜினல் இல்லைதான்.

"அவருகிட்ட யாருன்னு நான் சொல்லல மேடம், நீங்க பயப்படாதீங்க" என்றார். நான் ஏன் பயப்பட வேண்டும்? அப்படிக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

24 பிப்ரவரி, திங்கள்

ஃபோல்டரைத் திறந்தேன். இருக்கிறது.

சந்திரம்மா சிரிக்கிறார். கன்னத்துக்குக் குறுக்கே என் கோடு. பக்கத்தில் என் கையெழுத்து.

இந்தம்மா வேண்டாம்.

மூடிவிட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

காரியத்துக்குக் குழுவிலிருந்து ஐந்து பேர் ஒரு வண்டியில் போனோம். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாமல் இருக்க என்ன காரணம் சொல்வது?

நாகலாபுரம் தாண்டி உள்ளே மூன்று கிலோமீட்டர். ஊர் முனையிலேயே ஃபிளெக்ஸ். ஆதார் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து, கண் ரெண்டும் வெறித்து, போலீஸ்காரர் முன்னால் நிற்கிற மாதிரி. கீழே பெரிய எழுத்தில் பெயர், தேதி, சொந்தக்காரர்கள் பெயர். சுற்றிலும் டிசைன்காரர் வைத்த ரோஜாப்பூ. அந்தம்மாவைத் தெரியாதவர்கள் அந்தம்மா இப்படித்தான் இருந்தார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

யாமினி ஃபிளெக்ஸ் பக்கமே பார்க்கவில்லை. மூத்த மகள் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்திருக்கிறாள், அவள்தான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

முனிகிருஷ்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "தூரத்துல இருந்து வந்துகினு... துன்னுட்டுத்தான் போவணும்மா" என்றார். அந்த நேரத்திலும் சாப்பிடச் சொல்கிறார்.

என் பையில் போன் இருந்தது. போனுக்குள் அந்தச் சிரிப்பு இருந்தது. எடுத்துக் காட்ட ரெண்டு நிமிஷம் ஆகுமா? நான் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். வடை உட்பட.

3 மார்ச், திங்கள்

என்ன பொம்பளடி நீ, பத்மினி.

வாரம் பூரா கையில வெச்சிக்கினு, ஃபிளெக்ஸ் அடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கல. எதுக்கு? கோடு போட்டது நீதான்னு தெரிஞ்சிடும்னு. அவ்ளோதான? முப்பது பேர் முன்னால கௌரவம். செத்துப் போனவ மூஞ்சிய விட உன் மூஞ்சி பெருசா?

லேபில் இன்று ஒரு தட்டிலும் புள்ளி எண்ண முடியவில்லை. ரெண்டு தடவை எண்ணி ரெண்டு கணக்கு வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

8 மார்ச், சனி

திருப்பதியில் தீனா என்று ஒருவர், ஃபிளெக்ஸ் டிசைன் கடை. கம்ப்யூட்டரில் கோடுகளையெல்லாம் எடுத்துவிடலாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். கோடு போய்விட்டால் ஒரிஜினல் கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். நல்லவள் என்ற பெயரும் கூட வரும். என் புத்தி போகிற போக்கைப் பார்.

"ஏஐ-ல போட்டா ரெண்டு நிமிஷம் மேடம்" என்றார் தீனா. ரெண்டு நிமிஷம்தான் ஆயிற்று. கோடு போய்விட்டது. எழுத்து போய்விட்டது. திரையில் ஒரு பெண் புல்லுக்கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பல் எல்லாம் வரிசையாக இருந்தது.

நிறமும் ஒரு சுற்று வெளுத்திருந்தது. கன்னத்தில் குழி, சந்திரம்மாவுக்குக் குழி கிடையாது. "இது அவங்க இல்லை" என்றேன். தீனா இன்னும் நாலு தடவை போட்டார். நாலும் நாலு பெண்கள். "அடியில என்ன இருந்துதுன்னு அதுக்குத் தெரியாது மேடம். அதுவா யோசிச்சுப் போடுது" என்றார், ஏதோ என்னைத் தேற்றுகிற மாதிரி.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

ரமணாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். படத்தையும் காட்டினேன். கிண்டல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சிரிக்கிறத பாரேன்" என்றார்.

அவர் கண்ணுக்குக் கோடு தெரியவே இல்லையா?

அப்புறம் சொன்னார்: "கொண்டு போய்க் குடு பத்மினி. அப்படியே குடு. திட்டினா திட்டட்டும். உன்னிய யாரும் இன்னும் திட்டினதில்ல, ஒரு தபா வாங்கிக்கினு வா."

21 மார்ச், வெள்ளி

பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது இதற்கும். ஒரு நாள் ஆடிட் என்று, ஒரு நாள் வெயில் என்று.

வேலை முடிந்து சிட்டிபாபு கடைக்குப் போனேன். போனை நீட்டி, இதை எட்டுக்குப் பத்தில் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பார்? ஒரிஜினல்தானே இல்லை என்று சொன்னேன்.

பிரிண்ட் வந்ததும் ஒரு கவரில் போட்டு, கவருக்குள் அட்டையும் வைத்து, மடங்காமல் கொடுத்தார். "மேடம், ரூல் பிரகாரம் யாருன்னு சொல்லக் கூடாது. நான் கொண்டு போய்க் குடுத்துடறேன், உங்க பேரு வராது."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்ல வாய் வந்தது.

"வேணாம் சிட்டிபாபு. நானே போறேன்."

23 மார்ச், ஞாயிறு

போய் வந்தேன்.

சித்தூரிலிருந்து புத்தூர், புத்தூரிலிருந்து நாகலாபுரம், அங்கிருந்து ஆட்டோ. கவரை மடியிலேயே வைத்திருந்தேன். ஊர் முனையில் ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது, ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. ஆதார் முகம் பாதி மடிந்திருந்தது.

முனிகிருஷ்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டு வந்தார். உள்ளே சுவரில் அதே ஆதார் படம், சின்னதாக, மாலையோடு. யாமினி சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டேன். கவரைக் கொடுத்தேன்.

அவர் பிரித்தார். விரலால் அந்தம்மாவின் நெற்றியைத் தொட்டார், பிறகு கோட்டை, பிறகு எழுத்தை. நவம்பரில் சிட்டிபாபு அனுப்பி ஒரு தடவை பார்த்திருப்பார் அல்லவா, தெரிந்த எழுத்துதான்.

"இது எப்டிம்மா உங்ககிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். புரிந்துவிட்டது.

"நான்தான்" என்றேன். "வெட்டச் சொன்னது நான்தான்."

தலையாட்டினார். "நீங்க சொன்னீங்க. வெட்டினது என் கை. சொன்னவங்களுக்கு அவ யாருன்னு தெரியாது, எனக்குத் தெரியாதா?" குரல் ஏறவே இல்லை. "இருவத்திமூணு வருசம் போட்டோக்கு நில்லுடின்னா ஓடிப்பூடுவா. அவளா வந்து நின்ன ஒரு நாளு நான் வெட்டிப்புட்டேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கேட்டார்: "காரியத்துக்கு வந்தீங்க இல்ல? அன்னிக்கு இருந்துச்சா இது உங்ககிட்ட?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். எதையும் நம்புகிற முகம் அது.

"இருந்தது" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என்னிடம்கூட இல்லை: "ஊர் முனையில சிரிச்சுகினு இருந்திருப்பா."

இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

கோட்டை எடுக்கப் பார்த்ததையும் சொன்னேன், தீனா கடையில் வேறு வேறு பெண்கள் வந்ததை. "வாணாம்மா. அப்புறம் அது யாரோ. கோடும் கீது, கோட்டுக்குக் கீழ அவளும் கீறா. போதும்" என்றார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். "உக்காருங்க" என்றார். "நம்ம குரூப்புல மொதல்ல நல்லது ஒண்ணு சொல்லணும்னு ரூல் இல்ல? அன்னிக்கு வெளிச்சம் நன்றுன்னு எழுதி வுட்டுட்டீங்க. அவளப் பத்தி ஒண்ணும் சொல்லல. இப்ப சொல்லுங்க."

கோபமாகக் கேட்டாரா, கெஞ்சிக் கேட்டாரா? இப்போது எழுதும்போதும் தெரியவில்லை.

படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் பார்த்தேன். நூற்று நாற்பத்தொரு படத்தில் இதை எத்தனை தடவை திறந்து மூடியிருப்பேன். அப்போதுதான் பார்த்தேன். பறவையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை. சந்திரம்மாவின் கண் பறவை மேல் இல்லை. நேராகப் போன் பிடித்திருக்கிற ஆள் மேல் இருக்கிறது. விடிகாலையில் ஒரு குருவிக்காக வரப்பில் மண்டி போட்டுக்கொண்டிருக்கிற புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த ஏறுபல் தெரிய, வாயை மூடாமல். ரெண்டு கையும் புல்லுக்கட்டில் இருந்தது, மூட முடியவில்லை.

அதைச் சொன்னேன். "படம் பறவை இல்லைங்க. அவங்க உங்களைப் பாக்கறாங்க. அதுதான் படம். நான் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் எழுந்து மாட்டுப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாமினி வந்து, "நைனா கொல்லையில கீறாரு. நீங்க பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னா போவச் சொன்னாரு" என்றாள்.

வந்துவிட்டேன்.

24 மார்ச், திங்கள்

திட்டவே இல்லை என்று ரமணாவிடம் சொன்னேன். அவர் காபி போட்டுக் கொடுத்தார்.

6 ஏப்ரல், ஞாயிறு

பார்வை முறையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன் சிட்டிபாபுவிடம். "பார்வைக்கு வேற ஆளே இல்ல மேடம்" என்றார். எடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், நம்பர் எதுவும் வருவதில்லை. முனிகிருஷ்ணனும் குழுவில் எதுவும் போடுவதில்லை.

ஃபோல்டரைத் திறந்தேன். மற்ற நூற்று நாற்பதையும் வரிசையாகப் பார்த்தேன். இதில் யார் யாரை வெட்டச் சொல்லியிருக்கிறேன்? ஒரு கிழவர், சைக்கிளோடு. ஒரு கைக்குழந்தையின் கால். வேலியோரம் யாரோ ஒரு பெண். ஒருவர்கூட யாரென்று தெரியாது.

15 ஜூன், ஞாயிறு

சீசன். ஃபாக்டரி வாசலில் டிராக்டர் வரிசை மெயின் ரோடு வரைக்கும். இன்று ஞாயிறும் டியூட்டி. ஊரே பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் வாசனை.

மதியம் சிட்டிபாபுவிடமிருந்து ஒரு படம். மூன்றாம் நம்பர். கீழே ஒரு வரி: "இதுக்கு ரூல்ல இடமில்ல மேடம். ஆனா இது உங்களுக்குத்தான் போவணும்னு எடுத்தவரே கேட்டாரு."

ஒரு சுவர். சுவரில் ஃபிரேம் போட்ட படம். ஆதார் படத்தைக் காணோம். போர் குழாய், மீன்கொத்தி, தண்ணீர், புல்லுக்கட்டு, சிரிப்பு. சிவப்புக் கோடும் இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது. கண்ணாடிக்கு மேல் சாமந்தி மாலை போட்டிருக்கிறார். கோட்டை மறைக்கிற மாதிரி போட்டிருக்கலாம். போடவில்லை, மாலையை விலக்கித்தான் விட்டிருக்கிறார்.

லேபில் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

18 ஜூன், புதன்

எழுதி அனுப்பினேன். நல்லது என்ற இடத்தில் பதினொரு வரி வந்தது. அதை இங்கே எழுதவில்லை, அது அவருக்கு. குறை: கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு எடுத்தால் போதும்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு ஜடையின் நுனி, ரிப்பனோடு. யாரோ ஃபிரேமை விட்டு ஓடுகிற வேகத்தில் பாதி மாட்டியிருக்கிறது. அதற்கு மட்டும் ஒரு கேள்வி எழுதினேன்: "ஓரத்தில் இருப்பது யார்?"

சாயங்காலம் பதில் வந்தது, சிட்டிபாபு வழியாகத்தான். "யாமினி. அவங்கம்மா மாதிரிதான், போனைத் தூக்கினா ஓடுது. வெட்டலாங்களா மேடம்?"

வேண்டாம் என்று எழுதினேன். படத்தில் கோடு எதுவும் போடாமல் வைத்துக்கொண்டேன்.